முழு உடற்பரிசோதனை பற்றிக் கேட்ட தம்பிக்கு

லண்டனுக்கு வந்து மூன்று மாதமாகிறது, ஊரில் செய்ததுபோல ஆண்டுதோறும் முழு உடற்பரிசோதனை செய்ய எங்கே போவது, குடியிருக்க எந்தப் பகுதி நல்லது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டு விடயத்தை ஈஸ்ட்ஹாமில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். முதலாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். அதில் நான் பட்டது அதிகம்.

இங்கிலாந்தின் இலவச உடல்நலச் சோதனை 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்கு, அதுவும் ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான். உங்களுக்கு வயது 34. ஆனால் தெற்காசியர்களுக்குச் சலரோக (நீரிழிவு) ஆபத்தை 25 வயதிலிருந்தே மதிப்பிட வேண்டும் என்று இந்த நாட்டு மருத்துவ வழிகாட்டலே சொல்கிறது. தகப்பனாருக்குச் சலரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம் சொல்லி, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு ஜிபி நிலையத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லையென்று பதிவை மறுக்க அவர்களுக்கு உரிமையில்லை.

2001இல் நான் வந்தபோது இது எனக்குத் தெரியாது. ஓர் அறையில் ஐந்து பேர், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அகதி வழக்கு முடியும்வரை எங்கும் பெயர் பதியக் கூடாது என்று எனக்கு முன் வந்த ஒருவர் சொன்னதை நம்பி, நான்கு ஆண்டுகள் மருத்துவர் வாசலை மிதிக்கவில்லை. தீராத தாகத்தையும் அடிக்கடி சிறுநீர் போவதையும் நித்திரையின்மையின் விளைவென்றே எண்ணினேன். ஒரு நாள் அறைநண்பரின் சீனி பார்க்கும் கருவியில் புது ஊசியால் விரலைக் குத்திப் பார்த்தபோது 11.8 என்று காட்டியது. ஊரில் அம்மாவின் பரிசோதனைத் துண்டில் 180, 200 என்று பார்த்துப் பழகிய நான், சீனி இறங்கிவிட்டதென்று பயந்து, இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேநீர் குடித்தேன். ஊரில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு, தம்பி. 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 212 வரும். எச்பிஏ1சிக்கும் இங்கே அளவு வேறு, ஆனால் அதை 18ஆல் பெருக்கக் கூடாது: இங்கு 48 என்றால் ஊரில் 6.5 வீதம், அதாவது சலரோகம் தொடங்கும் எல்லை.

நம்மவர்கள் பலர் ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்புக்கோ சென்னைக்கோ போய்ப் பணம் கட்டி இருபது பரிசோதனை செய்து, தடித்த கோப்போடு திரும்புகிறார்கள். அந்தக் கோப்பு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, ஜிபிக்குக் காட்டுவதில்லை. மகளின் சம்பந்தம் குழம்பும் என்று நோயை மறைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நான் இருபது ஆண்டுகளாக ஒரு கொப்பியில் திகதி, சீனி, பிரஷர், இடுப்பளவு என்று கோடு போட்டு எழுதி வருகிறேன். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகே பிரஷர் பார்ப்பேன். வீட்டில் 135/85ஐத் தாண்டத் தொடங்கினால் ஜிபிக்குக் கொப்பியோடு போவேன். நமது ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரைத் தொட்டாலே கவனம் வேண்டும். வெள்ளையர்களுக்குரிய அளவு நமக்குப் பொருந்தாது.

பதியப் போகுமுன் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, தகப்பனாருக்கு எந்த வயதில் தொடங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி வந்தபோது சொல்லத் தெரியவில்லை.