ஆற்றில் மூன்று சதவீதம்தான் எடுக்கிறோம், மீன் ஏன் சாகிறது?

கேள்வி: ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஆலையின் மேலாளர் நான். தினமும் 50 லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை. மின்கட்டணம் இரவில் குறைவு என்பதால் இரவு 8 மணி நேரம் மட்டும் பம்பு ஓட்டி எடுத்துக்கொள்கிறோம். ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டம் விநாடிக்கு 60 கனஅடி. 'நீங்கள் எடுப்பது 3 சதவீதம்தான், மீன்களுக்குப் பாதிப்பு இல்லை' என்று ஆலோசகர் அறிக்கை கொடுத்திருக்கிறார். ஆனால் கோடையில் இரண்டு மாதம் போல ஆறு 10 கனஅடிக்குக் கீழே போய்விடுகிறது. சில வாரங்கள் 5 கனஅடிதான். போன கோடையில் கீழ்ப்பக்கம் மீன் செத்துக் கிடக்கிறது என்று மீனவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அறிக்கை சரியா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அறிக்கையில் உள்ள வகுத்தல் சரி. 50 லட்சம் லிட்டர் என்பது நாள் முழுக்க விநாடிக்கு சுமார் 2 கனஅடி ஓடுவதற்குச் சமம். 60-இல் 2 என்றால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடப் பையன்கூடப் போட்டுவிடுவான். அதற்கு ஏன் ஆலோசகருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சராசரியில் எந்த மீனும் வாழ்வதில்லை. நாலு மாதம் விருந்து, எட்டு மாதம் அரைவயிறு என்று இருப்பவனிடம் 'சராசரியாக நன்றாகத்தான் சாப்பிடுகிறாய்' என்று சொல்வது போன்ற கணக்கு இது. ஆறு 5 கனஅடி ஓடும் நாளில் உங்கள் 2 கனஅடி 40 சதவீதம். அதுவும் நாள் முழுக்கச் சீராக எடுத்தால்தான்.

நீங்கள் சீராக எடுக்கவில்லையே. 24 மணி நேரத் தண்ணீரை 8 மணி நேரத்தில் இழுக்கிறீர்கள். அப்படியானால் பம்பு ஓடும்போது விநாடிக்கு 6 கனஅடி போகிறது. ஆற்றில் வருவதே 5. மீதியை உங்கள் குழாய் கிடக்கும் மடுவிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது இரவு பத்து மணிக்கு நீங்கள் சுவிட்சைப் போட்டால் கீழ்ப்பக்கம் ஆறு நின்றுபோகிறது. காலை ஆறு மணிக்குத் திரும்ப வருகிறது. நாள் கணக்கில் பார்த்தால் 40 சதவீதம், மணிக் கணக்கில் பார்த்தால் நூறு. மீனவர்கள் பொய் சொல்லவில்லை.

கூழாங்கல் மேல் சலசலவென்று ஓடும் ஆழமில்லாத இடங்கள்தான் முதலில் காயும். பூச்சிப் புழுக்கள் கல்லுக்கு அடியில் அங்கேதான் இருக்கின்றன. பல சிறு மீன்கள் முட்டையிடுவதும் அங்கேதான். குஞ்சுகள் கரையோரம், விரல் ஆழத் தண்ணீரில் ஒதுங்கும். மட்டம் மெல்ல இறங்கினால் அவை நகர்ந்துவிடும். பம்பு போட்டதும் மளமளவென்று இறங்கினால் கல் இடுக்குக் குட்டைகளில் சிக்கிக்கொள்ளும். பெரிய மீன்கள் மடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஓட்டம் இல்லாத தண்ணீரில் விடியற்காலையில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடும். பகலில் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஓர் இரவு காய்ந்த முட்டை மறுநாள் தண்ணீர் வந்தால் உயிர் பெறாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கீழ்ப்பக்கம் நடந்து போய், ஆறு மிக ஆழமில்லாமல் பரந்து ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பம்பு போடும் முன்பு தண்ணீர் விளிம்பில் இரு கரையிலும் ஒரு குச்சி நடுங்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பப் போய்ப் பாருங்கள். குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடக்கும் ஈரக் கல் எத்தனை அடி என்று அளந்து எழுதி வையுங்கள். உங்கள் அறிக்கையின் அத்தனை பக்கங்களையும்விட அந்த ஓர் எண் உண்மை பேசும்.

உங்கள் அறிக்கையில் டென்னன்ட் முறை என்று எங்காவது இருக்கும், புரட்டிப் பாருங்கள். டொனால்ட் டென்னன்ட் என்பவர் அமெரிக்காவில் மான்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஓடைகளை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட முறை அது. ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் ஆற்றில் இருந்தால் பெரும்பாலான உயிர்கள் கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். 30 சதவீதம் இருந்தால் ஓரளவு நன்றாக வாழும். 60 இருந்தால் சிறப்பு. இவை ஆற்றில் மிச்சம் இருக்க வேண்டிய அளவுகள். இந்தப் பத்து சதவீதத்தைத்தான் ஆளாளுக்கு வளைக்கிறார்கள். ஒருவர் 'பத்து சதவீதம் வரை எடுக்கலாம்' என்று தலைகீழாக எழுதுவார். இன்னொருவர் 'பத்து சதவீதம் விட்டால் போதும், மீதியை எடுக்கலாம்' என்று எழுதுவார். டென்னன்ட் அதை உயிர் தாங்கும் கடைசி எல்லையாகத்தான் சொன்னார். உங்கள் ஆற்றுக்கு அது 6 கனஅடி. கோடையில் வருவதே 5. அறிக்கை மேற்கோள் காட்டும் முறைப்படியே பார்த்தால், அந்த நாட்களில் நீங்கள் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது. இதை உங்களிடம் சொன்னாரா ஆலோசகர்?

சொல்லியிருக்க மாட்டார். ஓர் ஆற்றுக்கு எழுதியதை இன்னோர் ஆற்றுக்குப் பெயர் மாற்றி ஒட்டும் அறிக்கைகள் ஏராளம். அதை வாங்கிக் கோப்பில் வைக்கிறவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. பல அனுமதிப் படிவங்களில் 'நாளொன்றுக்கு எவ்வளவு' என்று ஒரு கட்டம் இருக்கும். எந்த மாதம், எந்த வேகம், ஆறு எவ்வளவு ஓடும்போது என்பதற்குக் கட்டமே இருக்காது. இங்கிலாந்தில் தண்ணீர் எடுக்கும் உரிமங்கள் பலவற்றில் ஆறு இன்ன அளவுக்குக் கீழே போனால் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கங்கையின் மேல்பகுதிக்கு 2018-இல் வந்த அறிவிக்கையில்கூட நவம்பர் முதல் மார்ச் வரை ஓட்டத்தில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 ஆற்றில் இருக்க வேண்டும் என்று பருவம் பிரித்திருந்தார்கள். அந்த அளவுகள் போதுமா என்பது வேறு சண்டை. பருவம் என்று ஒன்று இருப்பதையாவது ஒப்புக்கொண்டார்கள்.

இனி உங்கள் ஆலைக்கு வருவோம். பிரையன் ரிக்டர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2012-இல் ஒரு பொதுவான வரம்பு சொன்னார்கள்: அன்றைய இயல்பான ஓட்டத்தில் 10 சதவீதத்துக்குள் கை வைத்தால் ஆற்றுக்கு நல்ல பாதுகாப்பு, 20 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் ஆறு மாறத் தொடங்கும். 'அன்றைய' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். விரிவான ஆய்வு இல்லாத ஆற்றுக்கு இது தற்காலிக வேலி. 20-ஐயே எடுத்துக்கொண்டாலும் உங்கள் கணக்கு எளிது. ஆறு 30 கனஅடிக்கு மேல் ஓடினால் 6 கனஅடி பம்பை முழு வேகத்தில் ஓட்டலாம். 10-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் 24 மணி நேரமும் மெதுவாக, 2 கனஅடி மட்டும். 10-க்குக் கீழே இறங்கினால் பம்பை நிறுத்துங்கள். இரவுக் கட்டணச் சலுகை போகும்தான். போகட்டும்.

நிறுத்திவிட்டு ஆலையை எப்படி ஓட்டுவது? குளம் வெட்ட வேண்டும். 60 நாளுக்கு 30 கோடி லிட்டர். நாலு மீட்டர் ஆழத்தில் சுமார் பதினெட்டரை ஏக்கர். ஆவியாவதும் கசிவதும் தனி. பயந்துவிடாதீர்கள், முதலில் தேவையைக் குறையுங்கள். கூலிங் டவரில் ஆவியாக ஆவியாக உப்புச் செறிவு ஏறும் தண்ணீரை மூன்று மடங்கு செறிவிலேயே வெளியேற்றுகிறீர்கள் என்றால், சுத்திகரிப்பைச் சரிசெய்து ஆறு மடங்கு வரை ஓட்ட முடிந்தால் அங்கே மட்டும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். கழிவுநீரைச் சுத்தம் செய்து உள்ளேயே சுற்றவிட்டால் இன்னும் குறையும். தேவை பாதியானால் குளமும் பாதி. பாதியாகாவிட்டாலும் உங்கள் பம்பு போதும்: வெள்ளக்காலத்தில் நாள் முழுக்க ஓட்டினால் ஒரு நாளைக்கு 150 லட்சம் லிட்டர், உங்கள் செலவு போக 100 லட்சம். முழுக் குளமும் ஒரு மாதத்தில் நிரம்பிவிடும்.

குளம் என்றதும் ஒரு தரகர் வந்து நிற்பார். 'எதுக்கு சார் இவ்வளவு செலவு? ஆத்துல எடுத்தாத்தானே கேள்வி? கரையோரமா நாலு கிணறு போடுங்க, நிலத்தடி நீர்னு காட்டிக்கலாம்' என்பார். நம்பாதீர்கள். ஆற்று மணலில் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் போட்ட கிணறு குடிப்பது ஆற்றுத் தண்ணீரைத்தான். நேராக உறிஞ்சினால் பம்பை நிறுத்தியதும் ஆறு மீளும். கிணற்றில் அந்த வசதியும் இல்லை. இன்று இறைத்ததன் குறை ஆற்றில் சில நாள், சில வாரம் கழித்துத் தெரியும். மட்டம் இறங்குகிறது என்று பதறி நீங்கள் கிணற்றை நிறுத்தும்போது, போன மாதம் இறைத்ததன் கடனை ஆறு அடைத்துக்கொண்டிருக்கும். வறட்சியில் அது இன்னும் மோசம். தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார், வழக்கு வந்தால் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் நிற்க வேண்டும். 'எடுத்ததில் எண்பது சதவீதத்தைத் திருப்பி விடுகிறோம்' என்று காட்டச் சொல்பவர்களும் இதே ரகம். எடுக்கும் இடத்துக்கும் விடும் இடத்துக்கும் நடுவில் உள்ள ஆறு காய்ந்துதானே கிடக்கும்? திரும்பி வருவதும் சூடாக, உப்பேறி வரும்.

வெள்ளத்தில் அள்ளிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். கோடை முடிந்து வரும் முதல் புதுவெள்ளத்தில் கை வைக்காதீர்கள். கெண்டை இனம் உட்படப் பல மீன்களுக்கு அதுதான் அழைப்பு. மட்டம் ஏறுவது, தண்ணீர் குளிர்வது, கலங்கல் வருவது எல்லாம் சேர்ந்துதான் அவற்றை மேலே ஏறி முட்டையிட வைக்கின்றன. கோடையில் கல்லில் படிந்த பாசியையும் வண்டலையும் அடித்துப் போவதும் அந்த வெள்ளம்தான். கல் சுத்தமானால்தான் முட்டைக்கு இடுக்கில் காற்றோட்டம் கிடைக்கும். உங்களுடையது சிறிய ஆறு. புதுவெள்ளம் 40 கனஅடி வருகிறது என்றால் அதில் 6 கனஅடியை உறிஞ்சுவது ஏறும் வேகத்தையே மழுங்கடிக்கும். சரி, 400 கனஅடி வந்தால்? அதில் 6 என்ன பெரிது என்று கேட்பீர்கள். 400 வரும் என்று ஏறத் தொடங்கும்போது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே விதியை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள்: மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்வரை பம்பு கிடையாது, உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகு, 30-க்கு மேல் இருக்கும்வரை எடுங்கள். முதல் இரண்டு ஏற்றங்களுக்கு இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். அதற்குப் பிறகு வருவதில் இவ்வளவு கறார் வேண்டாம். மழை பொய்த்து அந்த ஒரு வெள்ளத்தோடு முடிந்துவிடும் ஆண்டும் வரும். அப்போதும் இறங்குமுகத்தில்தான். குளம் அரைகுறையாக நிற்கும், அந்த ஆண்டு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். உங்களுக்கும் ஓர் ஆதாயம் உண்டு: புதுவெள்ளத்தில் வரும் மணலும் குப்பையும் பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லரைத் தேய்த்துவிடும்.

உறிஞ்சும் வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் கம்பித் தட்டி போட்டிருப்பீர்கள். சல்லடை போட்டாலும் துளை அளவை மட்டும் பார்த்தால் போதாது, தண்ணீர் உள்ளே போகும் வேகம் முக்கியம். அமெரிக்காவில் குளிர்விப்பு நீர் எடுக்கும் ஆலைகளுக்கான 2014 விதியில் மீன்கள் சல்லடையில் ஒட்டி மாட்டாமல் இருக்க ஏற்கும் வழிகளில் ஒன்று விநாடிக்கு அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டர் வேகம். அதற்கு மேல் போனால் நீந்தத் திணறும் சிறு மீன் ஒட்டிக்கொள்ளும். உங்கள் 6 கனஅடிக்கு இந்த வேகம் வர வேண்டுமானால் திறந்த துளைப் பரப்பு மட்டும் சுமார் 1.15 சதுர மீட்டராவது வேண்டும். சல்லடையில் பாதி கம்பி என்றால் சுமார் 2.3. குப்பை அடைக்கும் என்பதால் அதையும் இரட்டிப்பாக்குங்கள். வலை விற்பவர் 'பைன் மெஷ் போட்டாச்சு, கவலை வேண்டாம்' என்று சொன்னால், வேகம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். முட்டையையும் புழுப்பருவக் குஞ்சையும் எந்தச் சாதாரண வலையும் தடுக்காது. முட்டையிடும் வாரங்களில் எடுப்பதைக் குறைப்பதுதான் வழி.

இந்த வாரமே செய்யக்கூடியது இரண்டு. பம்புக்கு வேகம் மாற்றும் டிரைவ் பொருத்தி 24 மணி ஓட்டத்துக்கு மாறுங்கள். நின்று நின்று ஓடும் ஆறாவது முதலில் போகட்டும். குளம் தயாராகும்வரை கோடைக்கு லாரித் தண்ணீர் வாங்குவீர்களோ, ஒரு பிரிவை மூடுவீர்களோ, அது உங்கள் பாடு. லாரி என்றால் லாரிக்காரர் எங்கே நிரப்புகிறார் என்று ஆள் அனுப்பிப் பாருங்கள். ஆற்றின் மேல்பக்கத்திலேயே நிரப்பிவிட்டு உங்களிடம் கொண்டுவருபவர்களும் உண்டு.

இரண்டாவது, பம்புக்கு மேல்பக்கம் கட்டை போல நிற்கும் பாறையிலோ பாலத் தூணிலோ ஓர் அளவுகோல் வரைந்து தினமும் மட்டம் குறியுங்கள். முப்பது மைல் தள்ளி உள்ள அளவு நிலையத்தின் மாத சராசரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பேட்டின் நகலை அந்த மீனவர்களுக்கும் கொடுங்கள், அவர்கள் உங்கள் ஆட்களைவிட ஒழுங்காக மட்டம் பார்ப்பார்கள். வெவ்வேறு மட்டங்களில் நாலைந்து முறை ஓட்டத்தையும் அளந்து, குறிப்புகளோடு அனுப்புங்கள். எந்தக் கோட்டில் 10 கனஅடி, எந்தக் கோட்டில் 30 என்று குறித்துத் தருகிறேன்.