நீதிபதியின் ஓய்வு வயதில் ஒரு கண் இருக்கட்டும்: கேள்வி பதில்

அரசமைப்புச் சட்டத்தைப் பல வருடம் வகுப்பெடுத்தவன் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி இரண்டையும் பற்றிக் கேளுங்கள். கட்சிச் சண்டைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: சட்டத்தின் ஆட்சி என்று பெரிதாகப் பேசுகிறீர்கள். சட்டமே இல்லாத நாடு எது சார்?

எதுவும் இல்லை. சர்வாதிகாரிகளுக்குச் சட்டம் போடுவதில் தனி ஆசையே உண்டு. போட்டவரையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறதா என்பதுதான் விஷயம். 1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் 444க்கு 94 என்று வாக்களித்து, சட்டம் இயற்றும் அதிகாரத்தையே ஹிட்லரின் அரசிடம் ஒப்படைத்தது. காகிதத்தில் அதுவும் சட்டம்தான். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அந்த 94 பேரில் கிடையாது. சிறையில் இருந்தார்கள், அல்லது தலைமறைவாக இருந்தார்கள்.

கே: ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும் காலம் போய்விட்டது. அப்புறம் என்ன பயம்?

போகவில்லை. மாலியில் 2020, 2021, நைஜரில் 2023. ஆனால் இப்போது நான் கவலைப்படுவது பீரங்கியைப் பார்த்து அல்ல, அரசிதழைப் பார்த்து. ஹங்கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் ஒரு கூட்டணி சுமார் 53 சதவீத வாக்கு வாங்கி, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான இடங்களைப் பிடித்தது. 2012 ஜனவரி 1 முதல் புதிய அரசமைப்புச் சட்டம். கூடவே யாரும் படிக்காத ஒரு சின்ன மாற்றம்: நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62 ஆனது. யாரையும் கைது செய்யவில்லை, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் அதே வருடம் நவம்பரில் சொன்னது. அதற்குள் தலைமை நாற்காலிகள் பலவற்றில் புது ஆட்கள் உட்கார்ந்தாயிற்று.

போலந்து 2018இல் உச்ச நீதிமன்றத்தில் இதே வேலையைச் செய்து பார்த்தது, 70இலிருந்து 65. ஐரோப்பிய நீதிமன்றம் முந்திக்கொண்டு இடைக்காலத் தடை போட்டதால் நீதிபதிகள் திரும்பி வந்தார்கள். ஆகவே வகுப்பில் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிய வாக்கியம்: தேர்தல் தேதியை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் நீதிபதியின் ஓய்வு வயதைப் பாருங்கள்.

கே: சமூக ஊடகப் பொய்ச் செய்தி, போலி வீடியோ எல்லாம்தானே பெரிய ஆபத்து?

இருக்கலாம். என் துறை இல்லை. கணினி தெரிந்தவரைக் கேளுங்கள்.

கே: நல்ல வல்லவர் ஒருவர் கையில் ஐந்து வருடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஆறாவது வருடம் அவரை இறக்கிவிடுவது யார்?

கே: மக்கள் தேர்ந்தெடுத்த அரசை, யாருமே தேர்ந்தெடுக்காத நாலு நீதிபதிகள் தடுப்பது எந்த ஊர் ஜனநாயகம்?

நியாயமான கேள்வி. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? மலாவியில் 2019 மே மாதம் அதிபர் தேர்தல். பதவியில் இருந்த முத்தாரிகா 38.57 சதவீதத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். எதிர்த்தரப்பு வழக்குப் போட்டது. வாக்கு எண்ணிக்கைத் தாள்களை எடுத்துப் பார்த்தால், எண்களின் மேல் வெள்ளை மை பூசித் திருத்தியிருக்கிறார்கள், நாம் பரீட்சையில் தப்பை மறைக்கப் பூசுவோமே, அதே மை. 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத அங்கி போட்டு, ராணுவக் காவலோடு நீதிமன்றத்துக்கு வந்தார்கள். மணிக்கணக்கில் தீர்ப்பை வாசித்து, தேர்தல் செல்லாது என்றார்கள். ஜூனில் மறுதேர்தல் நடந்து எதிர்த்தரப்பு ஜெயித்தது. அந்த ஐந்து பேரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லைதான்.

இன்னொன்று. தோற்ற முத்தாரிகா 2025 தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தார்.

கே: (அதே நண்பர்) நல்ல கதையாகப் பொறுக்கி எடுக்கிறீர்கள். இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது நீதிபதிகள் மண்டியிட்டதைச் சொல்லவில்லையே?

சொல்லத்தான் வேண்டும். 1976இல், விசாரணையின்றிச் சிறையில் இருப்பவர் நெருக்கடி நிலை முடியும்வரை ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று தீர்ப்பளித்தது. மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா மட்டும். அடுத்த ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போயிற்று. அவர் ராஜினாமா செய்தார். மற்ற நால்வருக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் நியமனமும் பதவி உயர்வும் அரசின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? ஓய்வு வயது என்று நான் அனத்துவது இதற்காகத்தான்.

கே: இடையில் நுழைகிறேன். தென் கொரியாவைக் காப்பாற்றியது நீதிபதிகள் இல்லை, எம்.பி.க்கள்.

முதல் இரவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. 2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் யூன் சோக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். உறுப்பினர்கள் சிலர் வேலி ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு, அந்த அறிவிப்பை நீக்கச் சொல்லி 190 பேர் வாக்களித்தார்கள், எதிர்த்து ஒருவர்கூட இல்லை. அதில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள். எனக்குப் பிடித்த எண் அந்த 18தான். ஆனால் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது 2025 ஏப்ரல் 4 அன்று வந்த அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு, எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக. யார் பெரியவர் என்று நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். எனக்கு இரண்டு தரப்பும் வேண்டும்.

கே: வல்லமையான ஒரே தலைவர் வந்தால்...

மேலே பாருங்கள்.

கே: மக்கள் செல்வாக்கு உள்ள தலைவர் மறுபடி நின்றால் என்ன தப்பு? மக்கள்தானே ஓட்டுப் போடுகிறார்கள்?

அதே கேள்வி மூன்றாவது முறை, வேறு சட்டையில். எல் சால்வடாரில் 2021 மே 1 அன்று, அதிபர் புகேலேயின் கட்சி பெரும்பான்மை பிடித்த புதிய சபை கூடிய முதல் நாளே அரசமைப்புப் பிரிவு நீதிபதிகள் ஐந்து பேரையும் நீக்கியது. செப்டம்பரில் புது நீதிபதிகள், அதிபர் அடுத்த முறையும் நிற்கலாம் என்றார்கள். 2024இல் நின்றார், ஜெயித்தார். செல்வாக்கு நிஜம்தான். அத்தனை செல்வாக்கு இருப்பவர் முதல் நாளே நீதிபதிகளை மாற்ற ஏன் அவசரப்பட்டார்?

கே: ஒன்பது வருடமாக ஒரு சொத்து வழக்கு. வாய்தா மேல் வாய்தா. இதுதான் உங்கள் சட்டத்தின் ஆட்சியா?

இன்றைக்கு வந்ததில் எனக்குச் சுருக்கென்று தைத்தது இதுதான். வல்லவர் வேண்டும் என்று கேட்ட மூவரில் யாராவது உங்களைப் போல வாய்தாவில் நொந்தவராக இருக்கலாம். அவர்களிடம் கொஞ்சம் கடுகடுத்துவிட்டேன். வழக்கைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடும்படி மேல் நீதிமன்றத்தில் மனு போட வழி இருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால் இலவசச் சட்ட உதவி மையத்தில் இன்னொருவரைப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவும் எந்தத் தேதி, யார் கேட்டது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வழக்கு எண்ணை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.