பிசியோதெரபி படிக்க நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருச்சியில் 17 வருடமாகப் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, பயாலஜி குரூப் படிக்கிறேன். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்றால் பிசியோதெரபி சேர்ந்துவிடு என்கிறார்கள் வீட்டில். சேரலாமா? (பெரம்பலூர் மாணவி)

சேரலாம்மா. ஆனால் அதற்கு முன் பக்கத்து அரசு மருத்துவமனையில் அனுமதி கேட்டு, பிசியோ பிரிவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார். பக்கவாதம் வந்த ஒருவர் டம்ளரைப் பிடிக்க முயல்வார். விரல் மடங்கும், பிடி நிற்காது. நேற்றும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது வாரம் ஒரு நாள் டம்ளர் கையில் நிற்கும். அந்த மூன்று வாரமும் அவரோடு சலிக்காமல் இருக்க முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார். முடியும் என்று தோன்றினால், இதையே முதல் விருப்பமாக எழுது. வேறு வழியில்லாமல் வந்தவர்கள் இரண்டாம் வருடத்திலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

எத்தனை வருடப் படிப்பு?

பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பி.பி.டி. இதுவரை நாலரை வருடம், அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021ல் வந்த சட்டப்படி அமைந்த தேசிய ஆணையம் 2025ல் புதிய பாடத்திட்டம் வெளியிட்டது. அதன்படி ஐந்து வருடம், ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் அதில் அடக்கம். அதற்கு மேல் முதுநிலையான எம்.பி.டி. இரண்டு வருடம். சேர்க்கை விதிகள் மாறி வரும் நேரம் இது. அண்ணன், அக்கா சொன்ன பழைய கணக்கை நம்பாமல், நீங்கள் சேரும் வருடத்து அறிவிப்பைப் படியுங்கள்.

மகளுக்குக் கல்லூரி பார்க்கிறோம் மேடம். எதை வைத்து முடிவு செய்வது? (கரூரிலிருந்து ஒரு அப்பா)

கட்டடத்தைப் பார்க்காதீர்கள் சார், நோயாளிகளைப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, இல்லாவிட்டால் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள், ஐ.சி.யூ.வில் போஸ்டிங் உண்டா, அனாடமி வகுப்பில் உண்மையான உடலைப் பார்த்துப் படிக்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம், அங்கே இன்டர்ன்ஷிப் செய்யும் பிள்ளைகளைத் தனியாகப் பிடித்து, நேற்று எத்தனை பேருக்கு உங்கள் கையால் சிகிச்சை கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் யோசியுங்கள். அரசுக் கல்லூரி என்றால் திருச்சியில் ஒன்று இருக்கிறது. சென்னை கே.கே. நகர் மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் படிக்கலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் முதலில் வேலை பார்த்த கிளினிக்கில் எல்லா வலிக்கும் லேசான மின்சாரம் செலுத்தும் ஐ.எஃப்.டி. மெஷின் பதினைந்து நிமிடம், ஒலி அலையால் சிகிச்சை தரும் அல்ட்ராசவுண்ட் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். நோயாளியை நடக்கச் சொல்லிப் பார்க்க நேரமே தரவில்லை. மெஷின் வலியைக் கொஞ்சம் தணிக்கலாம். பலம் குறைந்த தசைக்குப் பலம் ஏற்றுவது பயிற்சிதான். அது படிக்கும்போதே கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

மசாஜ் செய்கிறவர்கள்தானே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல? (பி.பி.டி. முதல் வருடம்)

வேலூர் கதையைச் சொல்லுங்கள். 1950களில் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மணிக்கட்டை நிமிர்த்துகிற தசையின் இழுப்பைத் தசைநாண் வழியாக விரல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் விரல் தானாக வேலை செய்துவிடாது. இதுநாள் வரை மணிக்கட்டை இழுத்த தசைக்கு இனி விரலைப் பார்த்துக்கொள் என்று சொல்லித்தர வேண்டும். அந்தப் பயிற்சி பிசியோதெரபி வேலை. அது சரியாக நடக்காவிட்டால் ஆபரேஷன் செய்தும் கை பழையபடியேதான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். முதுகு வலி என்று வருகிறவருக்குச் சிறுநீர் அடைத்திருந்தால், உட்காரும் இடம் மரத்திருந்தால், நாம் கையே வைக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அதைக் கண்டுபிடிக்கவும் நாலு வருடம் படிக்கிறோம்.

கிரிக்கெட் டீமுக்குப் பிசியோ ஆகணும் அக்கா.

ஆசைப்படு தம்பி. பி.பி.டி. முடித்து எம்.பி.டி.யில் ஸ்போர்ட்ஸ் எடு. ஆனால் இப்போதே உங்கள் ஊர் கபடி டீமோடு போய் நில். கணுக்கால் பிசகினால் முதல் பத்து நிமிடம் என்ன நடக்கிறது என்பதை மைதானத்தில்தான் பார்க்க முடியும்.

சம்பளம் குறைவு என்கிறார்களே. வெளிநாடு போய்விடலாமா? (மூன்றாம் வருடம், சேலம்)

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். நாலரை வருடம் படித்தவர்களுக்கு இது நியாயமே இல்லை. அரசு வேலையும் குறைவு. ஆனாலும் 2021ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர்களை பஸ் ஏறி வரச் சொல்லாத திட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

வெளிநாடு என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாசல். அமெரிக்காவில் இப்போது அடிப்படைப் படிப்பே டி.பி.டி. என்னும் டாக்டர் பட்டம். நம் படிப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அங்கே வேலை செய்ய உரிமம் பெறுவதற்கான என்.பி.டி.இ. தேர்வு எழுத விடுவார்கள். இங்கிலாந்தில் எச்.சி.பி.சி. என்னும் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். எங்கே போனாலும் எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். ஆகவே சிலபஸையும் போஸ்டிங் பதிவேட்டையும் கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கி வை.

என் மகள் ஒல்லியாக இருப்பாள். ஆளைத் தூக்கிவிட முடியுமா? (தேனியிலிருந்து ஒரு அம்மா)

தூக்க வேண்டாம் அம்மா. நானும் ஒல்லிதான். நோயாளியைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, அவர் பாதத்தைத் தரையில் ஊன்ற வைத்து, முன்னால் சாயச் சொல்வோம். நம் முழங்காலை மடக்கி, அவரை ஒட்டி நின்று, அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டால் அவர் எடையில் பாதியை அவர் காலே தாங்கும். உங்கள் மகள் இதை முதலில் வகுப்புத் தோழியை வைத்துத்தான் பழகுவாள். அதற்கும் முன்னால், சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போடச் சொல்லித் தருவார்கள்.