கசத்துக்குள் ஒரு கண்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சேரன்மகாதேவியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமிரபரணியில் தூண்டில் போடுவது சிறு வயதிலிருந்தே பழக்கம். கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர், தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கிற கேமரா ஒன்றைக் கொடுத்தார். கேபிள் முனையில் கேமரா, கையில் சின்னத் திரை. அதைக் கொண்டுபோன அன்றே பெரியப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "இது மீன்பிடிப்பு இல்லை, களவு" என்றார். வலைக்காரர் ஒரே வீச்சில் கூடை நிறைய அள்ளுகிறார். வெடி போடுகிறவனும் இருக்கிறான். மீன் நிற்கிற இடத்தைப் பார்த்து நான் தூண்டில் போட்டால் மட்டும் களவா? நீங்களும் தூண்டில்காரர் என்பதால் கேட்கிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

களவு இல்லை. அது பெரியப்பா கோபத்தில் சொன்ன சொல். ஆனால் அவர் எழுந்து போனது சரி என்றே நினைக்கிறேன்.

வலையையும் வெடியையும் முதலில் விட்டுவிடுங்கள். குளத்தைக் குத்தகைக்கு எடுத்து வலை வீசுகிறவருக்கு அது பிழைப்பு. வெடியும் நஞ்சும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். நாம் பொழுதுக்காகப் போகிறவர்கள். வெறுங்கையோடு திரும்பினாலும் நம் வீட்டில் சோறு இருக்கும். அதனால் அவர்களைக் காட்டி நம்மை நியாயப்படுத்திக்கொள்ள முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு செந்தண்ணீராகப் போகும்போது கேமராவை இறக்கிப் பாருங்கள். ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. விளக்கைப் போட்டால் இன்னும் மோசம். பனிமூட்டத்தில் லாரி விளக்கு போல, வண்டல் துகள்கள் வெளிச்சத்தை நம் பக்கமே திருப்பிவிடும். தண்ணீர் தெளிவது பங்குனி, சித்திரையில். அப்போது ஆறு எப்படி இருக்கும் என்று சேரன்மகாதேவிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டம் ஒடுங்கி, பாறை தெரிந்து, அங்கங்கே கசம் என்கிற ஆழமான மடு மட்டும் கிடக்கும். பெரிய மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். அடுத்த வெள்ளத்தில் முட்டையிட வேண்டிய தாய்மீன்கள் அவை. கேமராவுக்குக் கண் தெரிகிற காலமும் மீனுக்குப் போக்கிடம் இல்லாத காலமும் ஒன்றாகவே வருகின்றன. என் மறுப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

இன்று கேமரா வாங்கியவர் நாளை சோனார் தேடுவார். ஒலியை அனுப்பி எதிரொலியைப் படமாக்குகிற கருவிக்குக் கலங்கல் தண்ணீரும் தடையில்லை. 2018-இல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த லைவ்ஸ்கோப், இரை இறங்குவதையும் மீன் அதை நோக்கித் திரும்புவதையும் அந்தக் கணமே திரையில் காட்டுகிறது. பரிசுப் பணத்துக்காகப் போட்டியில் மீன் பிடிக்கிற அமெரிக்கர்களே இதைக் கண்டு தயங்குகிறார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2025-இல் தன் முதன்மைத் தொடரில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் இந்த வகைக் கருவியை அனுமதித்தது. இன்னொரு போட்டி அமைப்பு அதே ஆண்டில் முழுதாகவே விலக்கிவிட்டது. அவர்களுடைய ஏரிகள் கண்ணுக்கெட்டாத தூரம் விரிந்தவை. நம் கசம் ஒரு கல்யாண மண்டபம் அளவாவது இருக்குமா?

எனக்கும் இந்த ஆசை வந்ததுண்டு. இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், மானூர்ப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் உட்கார்ந்து, நண்பரிடம் இரவல் வாங்கிய கேமராவை இறக்கினேன். தூண்டில் பக்கத்தில் தயாராக இருந்தது. திரையில் முதலில் பச்சை மூட்டம். பிறகு சேற்றில் தட்டு தட்டாகப் பள்ளங்கள். ஜிலேபிக் கெண்டையில் ஆண் தோண்டுவது அது. ஓரத்தில் ஒரு தாய் நின்றது. அதன் முகத்தைச் சுற்றி எள் தூவியது போலக் குஞ்சுகள். கேபிள் லேசாக ஆடியதும் தாய் வாயைத் திறந்தது. குஞ்சுகள் முண்டியடித்து உள்ளே போயின. இரண்டு மட்டும் பிந்திவிட்டன. அது போகாமல் நின்று, பின்னுக்கு வந்து, அவற்றையும் வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் நகர்ந்தது. அந்த நேரத்தில் தூண்டிலில் சிக்கியிருந்தால் வாயிலிருந்த அத்தனையையும் துப்பியிருக்கும்.

ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குள் வந்த அயல் மீன். நம் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மீன். ஒரு குளத்தில் அது குறைந்தால் நல்லது என்று வாதிடுகிறவன் நான். அப்படியிருந்தும் அன்றைக்குத் தூண்டிலை எடுக்கக் கை வரவில்லை. பார்க்கத் தொடங்கினால் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டும் என்று அன்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பெரியப்பாவின் கோபத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அவர் சொல்லாவிட்டாலும். கெண்டை கொத்தினால் தக்கை துள்ளும். கெளுத்தி என்றால் ஒரே இழுப்பாக உள்ளே போகும். நண்டு என்றால் பக்கவாட்டில் மெதுவாக நகரும். இதையெல்லாம் அவர் உங்களுக்குப் பாடமாக நடத்தியிருக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "பொறு... பொறு... இப்போது" என்று சொல்லியே ஏற்றியிருப்பார். அன்று நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் யாரிடம் "பொறு" என்று சொல்வார்?

கேமராவை விற்றுவிடாதீர்கள். ஆற்றுக்கு அதனால் ஆக வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பாபநாசத்தில் நான் ஒரு கேமராவை இறக்கியபோது முதலில் தெரிந்தது மீன் இல்லை, ஒரு சேலை. பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணி பாறை இடுக்கில் சுற்றி, பாசி பிடித்து, கைபோல அசைந்துகொண்டிருந்தது. அதன் அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் ஒரு வேட்டி. கரையில் நின்று முழுக்குப் போடுகிற எவருக்கும் இது தெரியாது. அதைப் படமெடுத்துக் காட்டுங்கள். ஆற்றில் துணி விட வருகிறவர்களிடமே காட்டுங்கள். தூண்டில் போடும் நாளில் மட்டும் கேமரா வீட்டில் இருக்கட்டும். கோடையில் கசத்துக்குள் இரண்டையும் இறக்க வேண்டாம்.

ஒரு நாள் பெரியப்பாவையும் பாபநாசம் படித்துறைக்குக் கூட்டிப்போங்கள். கோயில் மீன் என்று எல்லோரும் பொரி போடுகிற இடம். தூண்டிலைப் பற்றிய பேச்சே எழாது. திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கேபிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் தக்கையின் அசைவை வைத்தே அவர் மனத்துக்குள் பார்த்துவந்த மீன்களை ஒருமுறை கண்ணாலும் பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி