வேலையில் ஊசி குத்திவிட்டது, எச்.ஐ.வி. வராமல் தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் நேரம் முக்கியம். குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுப்பது, டெட்டால், பிளீச்சிங் ஊற்றுவது எல்லாம் வேண்டாம், தோல்தான் புண்ணாகும்.

அடுத்து, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு அல்லது ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்). தடுப்பு மருந்தின் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் போனால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. அந்த ஊசி போடப்பட்ட நோயாளியின் எச்.ஐ.வி. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், நெகட்டிவ் என்றால் பிறகு மருந்தை நிறுத்திக்கொள்ளலாம்.

டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். பலர் குமட்டலால் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப்பின் போட்டுப் பாருங்கள். அலுமினியம், மெக்னீசியம் உள்ள அசிடிட்டி சிரப்பை மாத்திரைக்கு 2 மணி நேரம் கழித்தே குடிக்கலாம். முதலில் சிரப் குடித்திருந்தால் மாத்திரைக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையேல் மருந்து உடலில் சரியாக ஏறாது.

ரத்தப் பரிசோதனை அன்றே ஒன்று, பிறகு 6 வாரம், 3 மாதம். அதுவரை ஆணுறை கட்டாயம், ரத்ததானம் கூடாது. சந்தேகமா? எச்.ஐ.வி. உதவி எண் 1097, இலவச அழைப்பு.