பழுதான டியூப் லைட், சி.எஃப்.எல். விளக்குகளை எப்படி அப்புறப்படுத்துவது?

"எரியாத விளக்குகளைக் குப்பைத்தொட்டியில் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டியூப் லைட், சி.எஃப்.எல். இரண்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருப்பதால், தயவுசெய்து போடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இவற்றை வீட்டு அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின. குண்டு பல்பிலும் எல்.இ.டி.யிலும் பாதரசம் இல்லை.

விளக்கு உடையாதவரை பாதரசம் உள்ளேயே அடைபட்டிருக்கும் என்பதால், புது விளக்கு வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை வைத்து, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்தில் சேர்ப்பியுங்கள். அங்கே காற்றுப் புகாத கலத்தில் விளக்கை நொறுக்கி, கண்ணாடியையும் அலுமினிய மூடிகளையும் பிரித்தபின், உள்ளே பூசியிருக்கும் வெண்பொடியைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிக் குளிரவைத்து மீட்கிறார்கள். காயலான் கடையில் வெறுங்கையால் உடைப்பவர் அந்த ஆவியைத்தான் சுவாசிக்கிறார். எனக்குப் பெரிதும் கவலை தருவது அதுதான்.

வீட்டிலேயே உடைந்துவிட்டால், மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு எல்லோரும் பத்து நிமிடமாவது வெளியே இருங்கள். பிறகு கையுறை அணிந்து, துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, மிச்சப் பொடியை ஒட்டுநாடாவில் ஒற்றியெடுத்து, ஈரக் காகிதத்தால் துடைத்து, அனைத்தையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்து, அதையும் தனியாகவே ஒப்படையுங்கள். வேக்வம் கிளீனர் பாதரசத்தை அறை முழுவதும் பரப்பிவிடும் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.