ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள்

நாமக்கல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சின்னப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். ஜூன் பிறந்து பள்ளி திறந்துவிட்டது. பிள்ளையை முதன்முதலாகச் சேர்த்தவர்கள், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள், தாத்தா பாட்டிகள் என யார் வேண்டுமானாலும் கேளுங்கள்.

டீச்சர், என் பையன் அங்கன்வாடியிலிருந்து நேராக ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பாப்பா யூகேஜி முடித்தவள், பக்கம் பக்கமாக எழுதுகிறாள். இவனுக்குப் பென்சிலே சரியாகப் பிடிக்க வரவில்லை. பின்தங்கிவிடுவானா? (ராசிபுரம், ஓர் அம்மா)

மாட்டான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விரல்களில் பலம் இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பலம் எழுதி எழுதி வருவதைவிட, மற்ற வேலைகளில்தான் சீக்கிரம் வரும். சப்பாத்தி மாவு உருட்டக் கொடுங்கள். பட்டாணி உரிக்கட்டும், பூ கோக்கட்டும், சட்டைப் பொத்தானை அவனே போடட்டும். என் வகுப்பில் முதல் சில வாரங்கள் களிமண்ணும் புளியங்கொட்டையும் மணலும்தான். எழுத்தைக் கூட முதலில் மணலில் விரலால்தான் எழுதுவோம்.

ஜூன் மாதம் ஒரு பிள்ளையிடம் நான் கவனிப்பது வேறு. நேற்று வீட்டில் நடந்ததைக் கோவையாகச் சொல்கிறானா? "பையை வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டு வா" என்றால் இரண்டையும் செய்கிறானா? ஒரு கதையைக் கடைசிவரை கேட்கிறானா? இதெல்லாம் இருந்தால் எழுத்து தானாக வந்து சேரும்.

நாங்கள் அனா, ஆவன்னா என்று வரிசையாகப் படித்தோம். பேத்தி 'ட, ப, ம' என்று எழுதிக்கொண்டு வருகிறாள். இது என்ன முறை? (ஆத்தூர், ஒரு தாத்தா)

நல்ல கேள்வி ஐயா, வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பார்கள். 'அ' எழுதிப் பாருங்கள்: சுழி, வளைவு, கீழ்க்கோடு, பக்கத்தில் ஒரு நேர்கோடு. சின்னக் கைக்கு அது பெரிய வேலை. 'ட' என்றால் மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். 'ப' அதிலிருந்து ஒரு கோடு கூடுதல்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தமிழில் 247 எழுத்து. வரிசையாக முடித்துவிட்டுத்தான் வார்த்தைக்கு வருவது என்றால், பிள்ளை ஒரு வார்த்தை வாசிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ட, ப, ம மூன்றும், ட், ம் இரண்டும் தெரிந்தால் போதும், படம், மடம், பட்டம், மட்டம் என்று உடனே வாசிக்கலாம். க, க், த சேர்த்தால் பக்கம், தடம். துணைக்கால் வந்ததும் பாடம், மாடம், காகம். தானே ஒரு வார்த்தையை வாசித்துவிட்டோம் என்று தெரிகிற அந்த நொடியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். அ, ஆ வரிசை பாட்டாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அதை நாங்கள் விடுவதில்லை.

கொம்புதான் கடைசி. 'கெ' என்று சொல்லும்போது க் ஒலி முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. நான் மூன்று பேரை எழுப்பி நிற்க வைப்பேன். நடுவில் 'க' அட்டை, ஒரு பக்கம் கொம்பு, இன்னொரு பக்கம் துணைக்கால். துணைக்கால் பிள்ளை உட்கார்ந்தால் 'கெ'. மறுபடி எழுந்தால் 'கொ'. ஒற்றைக்கொம்பு போய் இரட்டைக்கொம்பு வந்தால் 'கோ'. வகுப்பே கத்தும். குறில் நெடிலுக்கு விரல் சொடக்கு: 'கல்' என்றால் ஒன்று, 'கால்' என்றால் இரண்டு. நம் இலக்கணம் மாத்திரைக்குச் சொல்லும் அளவே கண்ணிமையும் கைநொடியும்தானே!

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் நீங்கள் படித்த லை, னை எழுத்துகளுக்கு மேலே தும்பிக்கை மாதிரி வளைவு இருக்கும். பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கும்போது புது வடிவத்தையே எழுதுங்கள். பழையதை அவள் பெரியவளானதும் காட்டலாம், ஆசையாகக் கேட்பாள்.

பாப்பா தமிழ்ப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடகடவென்று வாசிக்கிறாள். ஆனால் நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறாள். (மேட்டூர்)

மனப்பாடம் செய்திருக்கிறாள். அதுவும் நல்ல மூளைதான், திட்டாதீர்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வார்த்தையை மட்டும் காட்டுங்கள். வரிசை மாற்றிக் கேளுங்கள். அப்புறம், புத்தகத்தில் இல்லாத வார்த்தையை அவளுக்குத் தெரிந்த எழுத்துகளாலேயே எழுதிக் காட்டுங்கள். அதை வாசித்தால்தான் வாசிப்பு. கடைப் பலகை, பஸ் போர்டு, அரிசி மூட்டை எல்லாம் இதற்கு உதவும்.

அக்கா, நான் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை. 1, 2, 3 மூன்று வகுப்பும் ஒரே அறையில் எனக்கு. ஒன்றாம் வகுப்பைப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு சண்டை போடுகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (தர்மபுரி மாவட்டம்)

வாம்மா, நல்லபடியாக வந்து சேர்ந்தாய். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள் அல்லவா, அதை வகுப்புப் பிரிவினையாக நினைக்காமல் பிள்ளையின் நிலையாக நினைத்தால் பாதி பாரம் இறங்கும். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளை கூச்சப்படாமல் சின்னவர்களோடு உட்கார்வதற்கு வழி செய். "நீ இவர்களுக்கு அட்டை எடுத்துக் கொடு" என்று ஒரு பொறுப்பு கொடுத்தால் போதும்.

காலையில் எல்லாரையும் சேர்த்து ஒரு பாட்டு, ஒரு கதை. அது மூன்று வகுப்புக்கும் பொது. பிறகு குழு. ஒரு குழு உன்னோடு, மற்ற இரண்டும் தாங்களாகச் செய்யும் வேலையோடு. அந்த 'தாங்களாகச் செய்யும் வேலை' முந்தின நாள் உன்னோடு உட்கார்ந்து செய்து பழகியதாக இருக்க வேண்டும். புது வேலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் ரெண்டு நிமிஷத்தில் சண்டைதான். ஒன்றாம் வகுப்புக்கு ஒரே வேலை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. மாற்றிவிடு, எழுந்து நடக்க விடு.

கணக்குக்கு ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் வாங்கி வை. பத்துக் குச்சியை எண்ணிக் கட்டு போடுவதைப் பிள்ளைகளே செய்யட்டும். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் "எட்டுப் புளியங்கொட்டை எடு" என்று சொல்லிப் பார். எடுத்ததும் அதைப் பரப்பி வைத்து "இப்போது எத்தனை?" என்று கேள். மறுபடி முதலிலிருந்து எண்ணினால், அவனுக்கு எண் இன்னும் சத்தமாகத்தான் இருக்கிறது. கூட்டலுக்குப் போகாதே, பல்லாங்குழியும் தாயமும் ஆடவிடு.

தொண்டையைப் பார்த்துக்கொள். சத்தத்துக்கு மேல் சத்தம் போடாதே. நீ ஒரு தாளத்தில் கை தட்டினால் அவர்கள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டி அமைதியாக வேண்டும் என்று முதல் வாரமே பழக்கிவிடு.

மகன் இடது கையால் எழுதுகிறான். மாற்ற வேண்டுமா? (திருச்செங்கோடு)

வேண்டாம். நோட்டின் மேல்பக்கம் வலப்புறம் சாய்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். பென்சிலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தால் எழுதியது கண்ணுக்குத் தெரியும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது.

பாப்பா சிலேட்டுக்குச்சியைத் தின்கிறாள். அடித்தும் கேட்கவில்லை. (பரமத்தி வேலூர்)

அடிக்காதீர்கள். மண், சுண்ணாம்பு, குச்சி என்று பிள்ளை தேடித் தின்றால் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போடாதீர்கள். பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். காலை உணவுத் திட்டம் வந்தபின் என் வகுப்பில் முதல் பீரியடில் சுருண்டு படுக்கும் பிள்ளைகளைப் பார்ப்பது குறைந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே நேரத்துக்கு அனுப்புங்கள்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று நான் அனுமதியே கொடுத்துவிட்டேன். ஆனாலும் டீச்சர் கண்டிப்பதே இல்லை. (சங்ககிரி, ஓர் அப்பா)

நீங்கள் அனுமதி கொடுத்தாலும் செல்லாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அடிக்க மாட்டேன். பயந்த பிள்ளை வாயைத் திறக்காது. வாய் திறக்காவிட்டால் அதற்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் டீச்சர் கண்டிக்காமல் இல்லை, குரலில் கண்டிக்கிறார். டீச்சர் தோலை உரிப்பார் என்று சொல்லிப் பிள்ளையை மிரட்டவும் வேண்டாம்.

எங்கள் பள்ளியில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பத்துப் பெண் குழந்தை. இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. (திருப்பூர், ஆசிரியர்)

புது மொழியில் விழுந்த பிள்ளை சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு சார். அவள் மொழியில் தண்ணீர், சாப்பாடு, வலி, கழிவறை ஆகியவற்றுக்கான வார்த்தைகளைப் பெற்றோரிடம் கேட்டு நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அவள் பேச வேண்டும் என்று வற்புறுத்தாமல், காட்டினால் போதும், எடுத்துக் கொடுத்தால் போதும் என்று வேலை கொடுங்கள். கூட்டப் பாட்டில் உதடு அசைகிறதா பாருங்கள், அங்கேதான் முதலில் தொடங்கும். வீட்டில் அவர்கள் மொழியில் நன்றாகப் பேசுகிறாளா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். வீட்டிலும் பேச்சு இல்லை என்றால் காது பரிசோதனைக்கு உடனே அனுப்புங்கள்.

வீட்டுப்பாடமே தருவதில்லை. சாயங்காலம் முழுக்க விளையாடுகிறான். நாங்கள் என்னதான் செய்வது? (ஈரோடு)

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. விளையாடட்டும். நான் என் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: வீட்டில் யாரிடமாவது ஒரு கதையோ விடுகதையோ கேட்டு வர வேண்டும். மறுநாள் காலையில் அதை எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். ஆகவே இன்று ராத்திரி போனை ஓரமாக வைத்துவிட்டு அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். நடுவில் அவன் கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்லுங்கள்.